முப்பது நாள் போகக் கூடாது

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்கும் பச்சை அட்டை போட்ட கையேடு ஒன்று கொடுத்திருப்பார்கள். அதில் பெரும்பகுதி நான் எழுதியது. கடிக்கும் நாயைக் கூண்டிலிருந்து எப்படி எடுப்பது, வீடு பார்க்கப் போனால் வேலியில் எந்த இடத்தைக் குனிந்து பார்ப்பது, மாத்திரையை எதற்குள் ஒளிப்பது எல்லாம் இருக்கிறது. எழுத்துப் பிழை கிடையாது. படித்துப் பாருங்கள், நன்றாகத் தூக்கம் வரும்.

இருபத்தாறு வருஷம் இந்த ஈப்போ நாய்கள் காப்பகத்தில் வேலை செய்தவள், கற்றுக்கொண்டதைப் புதியவர்களுக்கு எழுதிக் கொடுங்கள் என்று நிர்வாகம் கேட்டது. கற்றுக்கொண்டது கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் போட முடியாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். அது ஏழாம் விதியைப் பற்றியது.

ஏழாம் விதி சொல்வது இதுதான். ஒரு நாயைத் தத்துக் கொடுத்த பிறகு, காப்பகத்தில் அதைக் கையாண்டவர் முதல் முப்பது நாள் அந்த வீட்டுப் பக்கம் போகக் கூடாது. ஆய்வுக்கு வேறு யாராவது போகலாம். நோயோ பயமோ உள்ள நாய்க்குப் புது வீடு பிடிபட நாளாகும். நடுவில் பழைய முகம் வந்து நின்றால், பாதி கட்டிய சுவரில் யாரோ சாய்ந்த மாதிரி எல்லாம் சரிந்துவிடும். முப்பதாம் நாள் போய்ப் பார்ப்பதை நாம் 'மறுவீடு' என்று சொல்வோம். முறை கொஞ்சம் தலைகீழ்தான். கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் வருவார்கள், இங்கே நாம் பிஸ்கட்டு வாங்கிக்கொண்டு போகிறோம்.

இந்த விதியை எழுதியவள் நான். முதலில் மீறியவளும் நான்.

கிச்சாப் என்ற அந்த நாய் நமக்குக் கிடைத்தது சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய தோட்டம் ஒன்றில். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டு, தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகளில் பாதிக்குக் கூரை இல்லாமல் போன இடம். குடிபெயர்ந்து போன யாரோ ஒரு குடும்பம் அதைக் குட்டியாகக் கட்டிப்போட்டிருக்க வேண்டும். குட்டி வளர்ந்தது, கழுத்துப் பட்டை வளரவில்லை. நாங்கள் போனபோது பட்டை தோலுக்குள் புதைந்து, மேலே சதை மூடியிருந்தது. அறுவை செய்துதான் எடுத்தார் மருத்துவர். சமையலில் ஊற்றும் சோயா கிச்சாப்பின் கரும்பழுப்பு நிறம் என்பதால் அந்தப் பெயர் வைத்தேன்.

அதற்குப் பிறகு அதன் கழுத்துப் பக்கம் எந்தக் கை போனாலும் கடித்தது. உறுமாது, பல்லைக் காட்டாது, நேராகக் கடி. அது போதாதென்று இரண்டாவது வாரம் வலிப்பு வந்தது. காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் மாத்திரை, ஆயுள் முழுக்க. நோயும் கடியும் சேர்ந்த நாயை யார் எடுப்பார்கள்? யாரும் எடுக்க மாட்டார்கள் என்று எல்லோரும் வருத்தப்பட்டார்கள். நானும் வருத்தப்பட்ட மாதிரி இருந்தேன்.

ஏழு மாதம் அதோடு உட்கார்ந்தேன். கையில் நெத்திலிக் கருவாடு வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஓர் அங்குலம் கணக்கில் என் கை அதன் கழுத்தை நோக்கி நகர்ந்தது. ஏழாம் மாதம் புதுப் பட்டை ஒன்றைப் போட்டேன், அசையாமல் நின்றது. என்னிடம் மட்டும். "இந்த நாய மேடத்தத் தவிர யாரும் தொட முடியாது" என்று கூண்டு கழுவும் பெண்கள் குறை சொன்னார்கள். எனக்கு யாரோ பொன்னாடை போர்த்திய மாதிரி இருந்தது.

அப்படியென்றால் நீங்களே எடுத்துக்கொண்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கையாண்ட நாயை ஊழியர் எடுக்கக் கூடாது என்பது ஐந்தாம் விதி. அதையும் நான்தான் எழுதினேன். அது இல்லாவிட்டால் ஒரே வருஷத்தில் காப்பகத்தில் நாய் இருக்காது, ஊழியர் வீட்டில் உட்கார இடம் இருக்காது. சரியான விதி. நான் எழுதிய எல்லா விதியும் சரியான விதிதான்.

முதலில் கேட்டு வந்தவர்கள் ஓய்வுபெற்ற கணவன் மனைவி. பெரிய வீடு, பொறுமையான ஆட்கள். வாசல் கேட்டின் கம்பிகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. நிராகரித்தேன். வலை அடித்துவிடுகிறோம் என்றார்கள். அடித்த பிறகு மறுபடி விண்ணப்பியுங்கள் என்றேன். அவர்கள் வேறு இடத்தில் ஒரு குட்டி வாங்கிக்கொண்டார்கள். அடுத்து புந்தோங்கில் மோட்டார் பழுது பார்க்கும் ஒருவர். வலிப்புள்ள நாய் ஒன்றை முன்பே வளர்த்து நல்லபடி வைத்திருந்தவர். அவர் வீட்டில் மோட்டார் சத்தம் என்று எழுதினேன்.

இரண்டுமே ஒப்புக்கொள்ளக்கூடிய காரணங்கள். அதுதான் விஷயம். பொறாமை வேறு இடங்களில் எப்படி வருமோ தெரியாது, நம் வேலையில் படிவம் எடுத்துக்கொண்டு வரும்.

நம் மருத்துவர் தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என்னைவிடப் பத்து வயது இளையவர். தமிழர் வேலை செய்த தோட்டத்துக்குப் பக்கத்துக் கம்பத்துக் குடியிருப்பில் வளர்ந்த சீனர் என்பதால் தமிழ் பேசுவார், மரியாதை விகுதி மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு நாள் இரண்டு படிவத்தையும் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"அக்கா, நீ இந்த நாய்க்கு மாப்பிள்ளையா பாக்குறே? ரெண்டு பேரு ஏன் ரிஜெக்ட்?"

"காரணம் ஃபாரத்துல இருக்கு டாக்டர்."

"இருக்கு. ஃபாரம் நல்லா எழுதுறேலா நீ. ரொம்ப நல்லா எழுதுறே. அதான் எனக்குப் பயம்."

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவதாக வந்தவர் அஞ்சலை. பீடோருக்கு வெளியே, பழைய தோட்டத்து லயத்தில் மிஞ்சியிருந்த நாலைந்து வீடுகளில் ஒன்றில் தனியாக இருந்தார். கொய்யாத் தோட்டத்தில் வேலை. மரத்தில் இருக்கும்போதே ஒவ்வொரு பிஞ்சுக்கும் உறை கட்டுவார்களே, அந்த வேலை. வயது அறுபதுக்கு இரண்டு குறைவு. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"எந்த நாயப் பாக்கணும்?"

"இழுப்பு வருதுன்னு தீனிக் கடையில ஒட்டியிருந்தீங்கலா, அந்த நாய்."

"ஏன், அதுதான் வேணுமா?"

"மத்ததெல்லாம் யாராச்சும் எடுத்துக்குவாங்க டீச்சர்."

"நான் டீச்சர் இல்ல."

"இல்லையா? இவ்ளோ கேள்வி கேக்குறீங்களேன்னு நெனச்சேன்."

கூண்டுக்கு அழைத்துப் போனேன். கடிக்கும் என்று சொன்னேன். அவர் கம்பிக்கு இரண்டு முழம் தள்ளி, நாயைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி, சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். இதைக் கற்றுக்கொடுக்க நான் புதியவர்களுக்கு மூன்று வகுப்பு எடுப்பேன். கிச்சாப் என்னைப் பார்த்து வாயைச் சப்பிக்கொண்டு நின்றது.

"இதுக்கு இப்ப வரப்போகுது டீச்சர்" என்றார் அஞ்சலை.

"இல்லம்மா. எங்கிட்ட நெத்திலி இருக்குன்னு தெரியும். அதான் சப்புது."

"கண்ணப் பாருங்க. அது இங்க இல்ல."

நான் சிரித்துக்கொண்டே நெத்திலியை நீட்டினேன். அது வாங்கவில்லை. சற்று நேரத்தில் கால்கள் விறைத்து, தரையில் சாய்ந்து, உடம்பு வெட்டி இழுத்தது. நான் கதவைத் திறந்து உள்ளே ஓடி, தலைக்குக் கீழே துணியை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் கணக்கிட்டேன். செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். ஆனால் என் குறிப்பேட்டில் ஏழு மாதமாக 'வாய் சப்புதல்: பரிசு எதிர்பார்ப்பு' என்று எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு வலிப்புக்கும் முன்னால் அதற்குக் கருவாடு நீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பிறகு கேட்டேன். கேட்ட குரல் நன்றாக இருந்திருக்காது.

"என் தம்பிக்கு இருந்துச்சு. அம்மா ரப்பர்ப் பால் வெட்டப் போயிட்டா நாந்தான் பக்கத்துலயே. அவனும் வாறதுக்கு முன்ன இப்டித்தான் சப்புக் கொட்டுவான்." கையைப் பார்த்துக்கொண்டார். "அவன் போயி ரொம்ப வருசமாச்சு. கை சும்மா இருக்கு."

நல்லவர் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதனாலேயே பிடிக்காமல் போனது.

அவர் வீட்டை ஆய்வு செய்யப் போனபோது வேலியின் ஒவ்வொரு மூலையிலும் குனிந்தேன். தகர வேலி, அடியில் பலகை, உள்ளே தாழ்ப்பாள். இடுப்பு வலித்ததுதான் மிச்சம். கையெழுத்துப் போடும்போது பன்னிரண்டாம் விதியை நானே வாசித்துக் காட்டினேன்: முதல் முப்பது நாளுக்குள் ரத்தம் வரும்படி கடித்தால் நாய் திரும்பிவிடும்.

"திரும்பி வந்தா?" என்று கேட்டார் அஞ்சலை.

"ஏற்கெனவே கடிச்ச நாய். கமிட்டி முடிவு பண்ணும்."

"என்னான்னு?"

"சில நேரம் ஊசி."

அவர் பேனாவை எடுத்தார். "கழுத்தப் பட்டையத் தொடக் கூடாது. அவ்ளோதான?"

"அவ்வளவுதான். என்ன ஆனாலும் தொடாதீங்க."

வேன் கதவைத் திறந்தபோது கிச்சாப் என் காலோடு ஒட்டி நின்றது. அஞ்சலை உள்ளே ஏறி உட்கார்ந்து, "வா தம்பி" என்றார்.

"அதோட பேரு கிச்சாப்."

"சரிங்க டீச்சர்" என்றவர், மறுபடி அதனிடம், "ஏறு தம்பி" என்றார். ஏறிவிட்டது.

அன்றிலிருந்து நாளைக்கு இரண்டு குரல் செய்தி வரும். "மாத்திர கொடுத்தாச்சு டீச்சர்." "தம்பி சோறு சாப்ட்டுச்சு டீச்சர்." நான்காம் நாள், "தம்பி இன்னிக்கு வயித்தக் காட்டிப் படுத்துச்சு டீச்சர், நான் தடவிக் கொடுத்தேன்." ஏழு மாதத்தில் அது எனக்கு வயிற்றைக் காட்டியதில்லை. அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். நாயின் நலனுக்காக என்று சொல்லிக்கொண்டேன். அவர் செய்யும் தவறு ஏதாவது பின்னால் கேட்கிறதா என்றுதான் தேடினேன்.

பத்தாம் நாள் மாலை தவறு கிடைத்தது. செய்தி ஏழு இருபதுக்கு வந்தது.

மாத்திரை வேளை தவறுவதாகச் சந்தேகம் வந்தால் முன்னறிவிப்பின்றி அதிகாரி போய்ப் பார்க்கலாம் என்பது ஒன்பதாம் விதி. எந்த அதிகாரி என்று அதில் இல்லை. அந்த ஓட்டையை விட்டவள் யார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் மறுநாள் இரண்டு பேர் வேலையில்லாமல் இருந்தார்கள். இருவரையும் அனுப்பவில்லை. நானே காரை எடுத்தேன், சட்டைப் பையில் நெத்திலி. ஆய்வுக்குப் போகிறவருக்கு நெத்திலி எதற்கு என்று என்னைக் கேட்க அங்கே ஆளில்லை.

சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தேன். அஞ்சலை அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். கிச்சாப் பெஞ்சுக்கடியில் அவருடைய பழைய சாரோங் மேல் தூங்கிக்கொண்டிருந்தது. கார் சத்தத்துக்குத் தலையைத் தூக்கவில்லை. நான் கேட்டைத் திறந்தேன். மூக்கு அசைந்தது. பிறகு பாய்ந்து வந்தது பாருங்கள், முன்னங்காலை என் மேல் போட்டு, குரல் நடுங்க, என்னைச் சுற்றிச் சுற்றி... பதினொரு நாள் கழித்து எனக்கு மூச்சு வந்தது.

திரும்பி அஞ்சலையின் முகத்தைப் பார்த்தேன். நான் படும் பாட்டில் கொஞ்சமாவது அவர் படுகிறாரா என்று பார்க்கத்தான்.

"பாத்தீங்களா, ஒங்கள மறக்கலலா!" என்று வாயெல்லாம் சிரிப்பாக நின்றார். "எவ்ளோ சந்தோசம் பாருங்க அதுக்கு! இருங்க டீச்சர், தண்ணி கலக்கி எடுத்துட்டு வாரேன்."

எனக்கு இன்னும் எரிந்தது.

மாத்திரையைப் பார்த்தேன். ஈரம் படாத டின்னில், நாளுக்கு இரண்டாகப் பிரித்த உறைகளில் இருந்தது. கோயில் காலண்டரில் ஒவ்வொரு தேதியிலும் இரண்டு டிக். "நேத்து ஏழு இருவதாமே?" என்று கேட்டேன்.

"மாத்திர ஏழுக்கே கொடுத்துட்டேன். போன்ல சார்ஜ் இல்ல. ஒங்களுக்குச் சொன்னதுதான் லேட்டு."

ஆய்வு அத்தோடு முடிந்தது. ஒரு நிமிஷத்தில் கிளம்பியிருக்க வேண்டும். நான் தேத்தண்ணி குடித்தேன், நெத்திலி முழுவதையும் கொடுத்து முடித்தேன், அது என் காலடியில் படுத்திருக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது என்று உங்களுக்கு வகுப்பெடுப்பார்கள். நான் கேட்டுக்கு வெளியே நின்று திரும்பி, "கிச்சாப், வாரேன்டா" என்றேன்.

லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்குச் செம்மண் பாதை, இரு பக்கமும் செம்பனை. பாதை முடிவதற்குச் சற்று முன் ஒரு வளைவு, அதையடுத்து பெரிய ரோடு. பனைக்குலை ஏற்றிய லோரிகள் அதில் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். ரோட்டை எட்டியபோது போன் அடித்தது.

"டீச்சர்! தம்பி வெளிய ஓடிருச்சு! ஒங்க காடி பின்னாலயே ஓடுது!"

கண்ணாடியில் பார்த்தேன். பாதை வெறுமையாக இருந்தது. காரைப் பாதையோரம் ஒதுக்கிவிட்டு இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் அஞ்சலை வளைவு தாண்டி மூச்சு வாங்க வந்தார். வலது கையில் துண்டு சுற்றியிருந்தது, துண்டில் ரத்தம்.

"கையில என்ன?"

"கேட்டுக் கம்பி கீறிருச்சு."

"காட்டுங்க."

காட்டினார். மேலே புறங்கையில் இரண்டு துளை, கீழே உள்ளங்கையில் ஒன்று. இருபத்தாறு வருஷத்தில் மேலும் கீழுமாகக் கீறும் கம்பியை நான் பார்த்ததில்லை. நான் கூப்பிட்ட குரலுக்கு, அவர் கேட்டுக்குத் தாழ்ப்பாள் போடும் முன் நாய் பாய்ந்திருக்கிறது. லோரியில் அடிபடுமோ என்று பயந்து, தொடவே கூடாத கழுத்துப் பட்டையில் பிடித்திருக்கிறார்.

"கம்பிதான் டீச்சர்" என்றார் என் முகத்தைப் பார்த்து. "கம்பின்னே எழுதிக்குங்க."

"கிளினிக்குப் போகணும்."

"தம்பி வரட்டும். ஏழு மணிக்கு மாத்திர இருக்கு."

ஓடாதீர்கள், கத்திக் கூப்பிடாதீர்கள், நடந்து பாருங்கள் என்றேன். வேலையைப் பொறுத்தவரை எனக்குத் தலை தெளிவாகத்தான் இருந்தது. அவர் பாதையின் ஒரு பக்கம், நான் மறுபக்கம், பனை வரிசைகளுக்குள் பார்த்துக்கொண்டே மெல்ல நடந்தோம். போனோம், வந்தோம். மணி ஆறைத் தாண்டியபோது அஞ்சலைதான் முதலில் பார்த்தார். வளைவுக்கு இந்தப் பக்கம், வாய்க்கால் ஓரத்தில், என் காரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் வீட்டுக்குப் போகும் பாதையில் அஞ்சலை. முன்னால் நானும் காரும், எனக்குப் பின்னால் பெரிய ரோடு.

"கூப்பிடுங்க டீச்சர்" என்றார், உதடு அசையாமல். "ஒங்ககிட்டத்தான் வரும்."

வரும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவருக்கும் இல்லை, அதைச் சொல்வதில் அவருக்குக் கஷ்டமும் இல்லை. ஒரு முறை பெயர் சொன்னால் போதும். கதவைத் திறந்தால் காரில் ஏறிவிடும். கடித்த நாய், பன்னிரண்டாம் விதி, திரும்பக் கொண்டுவந்தேன் என்று யாரிடமும் நிமிர்ந்து சொல்லலாம். கமிட்டியில் நானும் ஒருத்தி, ஊசி போட விடமாட்டேன். மறுபடி கூண்டு, மறுபடி நான் மட்டும்.

வாயைத் திறந்தேன். இதை எழுதாமல் விட்டால் மீதி எதையும் எழுதுவதில் அர்த்தமில்லை.

பின்னால் ஒரு லோரி ஹார்ன் அடித்துப் போனது. கிச்சாப் எழுந்து, என்னை நோக்கி, அதாவது ரோட்டை நோக்கி, நான்கு அடி வைத்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது வழி தெரியாமல் அங்கே நிற்கவில்லை. நான் நிற்பதால் நிற்கிறது. இப்போது நான் கூப்பிட்டு அது வந்தால், ஓடினால் நான் கிடைப்பேன் என்று கற்றுக்கொள்ளும். திருப்பிக் கொடுத்தாலும் நாளைக்கு ஓடும். நாளைக்கு இந்த இடத்தில் நான் இருக்க மாட்டேன், லோரி இருக்கும். சரி, காரை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றால் இப்போதே பின்னால் ஓடிவரும். நான் இங்கேயே இருந்துகொண்டு இல்லாமல் போக வேண்டும்.

"தரையில உக்காருங்க" என்று அஞ்சலையிடம் சொன்னேன். "கூப்பிடாதீங்க. சும்மா பேசிக்கிட்டு இருங்க. நான் மறைஞ்சுக்கிறேன்."

"எங்க மறைவீங்க?"

"காடிக்குள்ள. கண்ணாடிய ஏத்திட்டு."

"வெந்துருவீங்க டீச்சர்!"

ஏறினேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். கண்ணாடிகள் மூடியே இருந்தன. முன் இருக்கைகளில் குறுக்கே படுத்து, கியர் கம்பி விலாவில் குத்த, தலையை உயர்த்தக் கூடாது என்று எனக்கே உத்தரவு போட்டுக்கொண்டேன். காப்பகத்தின் மூத்த அதிகாரி, பயிற்சிக் கையேட்டின் ஆசிரியை, கருவாட்டு வாடையோடு அப்படிக் கிடந்தேன்.

ஒன்றும் தெரியவில்லை. லோரிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு லோரிக்கும் பிரேக் சத்தம் வருகிறதா என்று காது போனது. நடுநடுவே அஞ்சலையின் குரல், கண்ணாடி வழியாகத் தேய்ந்து வந்தது. அதில் ஒரு தந்திரமும் இல்லை. "...எங்க தோட்டத்து மண்டோருக்கு இன்னிக்கு என்னா கோவம் தெரியுமா தம்பி... உறை கட்டுனது லூசா இருக்காம்... நீயே சொல்லு, பத்து வெரலுக்கும் கண்ணா இருக்கு..." பிறகு குரல் நின்றுவிட்டது.

அந்த நேரத்தில் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்டால் சொல்கிறேன். அது அடிபடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அதற்குக் கீழேயே, என் கார்க் கதவைப் பிராண்டும் சத்தம் ஒரு முறை, ஒரே ஒரு முறை கேட்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். இரண்டும் ஒரே மூச்சில்தான் வந்தன. தலையை உயர்த்தவில்லை. அது ஒன்றுதான் அன்று நான் ஒழுங்காகச் செய்தது.

சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நேரம் கணக்கிடுவதையே தொழிலாக வைத்திருந்தவள் அன்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை. போன் அதிர்ந்தது. குரல் செய்தி.

"வீட்டுக்கு வந்துட்டோம் டீச்சர். மாத்திரயும் கொடுத்தாச்சு. நீங்க போலாம்."

எழுந்து பார்த்தேன். பாதையில் யாரும் இல்லை.

அவரைத் திரும்ப அழைத்தேன். "கைய சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவுங்க. இப்பவே கிளினிக்குப் போங்க."

"கம்பி கீறுனதுக்கா?"

"கம்பி கீறுனதுக்குத்தான்."

மறுநாள் காலை படிவத்தை எடுத்து வைத்தேன். அஞ்சலை சொன்னபடி கம்பி என்று எழுதலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் கடியை மறைத்து எழுதிய கோப்பு எப்படி முடியும் என்று உங்களுக்குத் தெரியும். அதை நம்பி நாளை வேறு யாராவது அதன் கழுத்தில் கை வைப்பார்கள். கடி என்று மட்டும் எழுதினால் நாய் திரும்பி வரும். மூன்றாவது வழி ஒன்று பன்னிரண்டாம் விதியின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது: ஊழியரின் தவறால் நேர்ந்த கடி நாயின் கணக்கில் சேராது, ஊழியரின் பெயரும் காரணமும் பதியப்பட வேண்டும். அதுவரை ஒருவரும் அதைப் பயன்படுத்தியதில்லை.

பெயரை எழுதினேன். காரணம் என்ற இடத்தில், 'அவசர ஆய்வின்போது எதிர்பாராமல் ஏற்பட்ட தூண்டல்' என்று எழுதினேன். படிக்க நன்றாக இருந்தது. அடித்துவிட்டு, 'ஏழாம் விதி மீறல். நாய் வேறொருவரிடம் பழகிவிட்டதில் எனக்குப் பொறாமை' என்று எழுதினேன்.

மருத்துவர் நின்றபடியே படித்தார்.

"அக்கா, இது ஃபாரத்துல எழுதுற வார்த்தையா?"

"உண்மைதான டாக்டர்."

"உண்மைன்னு தெரியும்லா. மாசக்கணக்கா தெரியும். நீ எழுத மாட்டேன்னு நெனச்சேன்." கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "இனிமே வீடு குடுக்குற வேலை உனக்கு வேணாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் சண்டை போடவும் வழியில்லை.

நாய் அஞ்சலையிடமே இருந்தது. என்னை மருந்து அறைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும் வரை நான்கு வருஷம் அங்கே இருந்தேன். முப்பதாம் நாள் மறுவீட்டுக்கு வேறொருவர் போனார். திரும்பி வந்தபோது பை நிறையக் கொய்யாப் பழம். எல்லோரும் உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். எனக்கும் கொடுத்தார்கள். பல் கூசுகிறது என்று சொன்னேன்.

உங்களுக்கு வேலைக்கு உதவுகிற மாதிரி சொல்ல வேண்டுமென்றால் இதுதான் இருக்கிறது. ஒரு நாயின் கோப்பு உங்களிடம் அதிக நாள் தங்கி, நீங்கள் எழுதும் மறுப்புகளில் யாருக்கும் ஒரு குறையும் காண முடியாமல் போனால், அந்தக் கோப்பை வேறொருவர் கையில் கொடுங்கள். நல்ல காரணம் எழுதத் தெரிந்தவர்களைத்தான் அதிகமாகக் கண்காணிக்க வேண்டும். உங்களில் இரண்டு பேர் நன்றாக எழுதுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு அந்த நாயை நான் பார்க்கவில்லை. முப்பது நாள் முடிந்து எத்தனையோ முப்பது நாள் ஆகிவிட்டது, போகலாம், ஒரு விதியும் தடுக்கவில்லை. என்னை அடையாளம் தெரிந்தாலும் எனக்குத் தாங்காது, தெரியாவிட்டாலும் தாங்காது. உயிரோடு இருக்கிறது, முகவாய் நரைத்துவிட்டது, வலிப்பு எப்போதாவதுதான் வருகிறது என்று தெரியும். எப்படித் தெரியும் என்றால், அஞ்சலை இன்னும் மாதம் ஒரு முறை குரல் செய்தி அனுப்புகிறார். இப்போது அந்தக் கோப்பு உங்களில் ஒருத்தியிடம் இருக்கிறது. செய்தி அவளுக்கு வருகிறது. முதல் தடவையே "தம்பி ஒன்னக் கேட்டுச்சும்மா" என்று சொல்லியிருக்கிறார். அவளை அது பார்த்ததுகூடக் கிடையாது.

அந்தப் பெண்ணுக்கு ஒரு வேண்டுகோள். இனிமேல் அதைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கவும். மருந்து எண்ணிக் கொடுக்க நான் இன்னும் செவ்வாய்க்கிழமைகளில் பக்கத்து அறைக்கு வருகிறேன்.